ஞாயிறு சரி, திங்கட்கிழமை எப்படி? வேலை செய்யும் இடத்தில் விசுவாசத்தோடு வாழ்வது பற்றி

அம்பத்தூர்_கணக்கர்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் ஓடும் கேள்வி இது. இங்கே கேட்டால் பலவிதமான பதில் கிடைக்கும் என்று எழுதுகிறேன்.

அம்பத்தூரில் உதிரிபாகம் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நான் கிறிஸ்தவன் என்று ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். மேஜையில் வசன காலண்டர் இருக்கிறது. ஜனவரி முதல் தேதி வாக்குத்தத்த வசனத்தை ஸ்டேட்டஸில் வைப்பேன். குடியோ சிகரெட்டோ கிடையாது. இதற்கு மேல் என்ன என்று யோசித்தால்தான் குழப்பம் வருகிறது.

"மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு, பரலோகத்திலிருக்கிற உங்கள் பிதாவை மகிமைப்படுத்தும்படி, உங்கள் வெளிச்சம் அவர்கள் முன்பாகப் பிரகாசிக்கக்கடவது" என்று மத்தேயு 5-ல் இருக்கிறது. அடுத்த அதிகாரத்திலேயே இயேசு, வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்கிறார். இரண்டும் ஒரே மலைப்பிரசங்கம். ஆபீஸில் இதில் எதைப் பிடித்துக்கொள்வது? நல்லது செய்துவிட்டுப் பேசாமல் இருப்பதா, ஏன் செய்கிறேன் என்று சொல்வதா?

எங்கள் கம்பெனி வழக்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லேத் பட்டறை, பிளேட்டிங் போன்ற சின்னச் சின்ன சப்ளையர்களின் பில்லை மூன்று மாதம் வரை இழுத்தடிப்பார்கள். பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் தேதி தவறாது. எந்த பில்லுக்கு எப்போது பணம் என்ற பட்டியலைத் தயாரிப்பது நான். இதற்கும் என் விசுவாசத்துக்கும் சம்பந்தம் உண்டா?

பாளை_டீச்சரம்மா

தம்பி, கேள்வியின் கடைசிப் பத்தியில்தான் விஷயம் இருக்கிறது.

யோவான் ஸ்நானகனிடம் ஜனங்கள் வந்து "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்ட இடத்தை எடுத்துப் படியுங்கள், லூக்கா 3. ஆயக்காரரிடம் வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வரச் சொல்லவில்லை. "உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்" என்றார். போர்ச்சேவகரிடம், ஒருவருக்கும் இடுக்கண் செய்யாமல், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமல், உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள் என்றார். வரி வசூலிப்பவனுக்கு வரி வசூலில், சேவகனுக்கு அவன் கையில் இருக்கிற அதிகாரத்தில். அவரவர் எந்த இடத்தில் தப்பு செய்ய வசதி இருக்கிறதோ, அந்த இடத்தையே சுட்டிக் காட்டுகிறார். உங்களுக்கு அது பில் பட்டியல்.

மத்தேயு 5-க்கும் 6-க்கும் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 6-ஆம் அதிகாரம் தர்மம் கொடுப்பதைப் பற்றியது. வாங்குகிறவன் கூசிப்போகக் கூடாது, கொடுக்கிறவன் பேர் வாங்கக் கூடாது. அதை மறைவாகத்தான் செய்ய வேண்டும். ஆனால் நியாயமாக வேலை செய்வதை எங்கே கொண்டுபோய் மறைப்பது? பட்டறைக்காரருக்குச் சொன்ன தேதியில் பணம் போனால் அவருக்குத் தெரியத்தானே செய்யும்.

நம்ம தமிழ்நாட்டிலேயே ஒருவர் இருந்தார். மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக இருந்த வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கர். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கைப்பொருளைச் செலவழித்துக் கஞ்சித் தொட்டி வைத்து ஊருக்குச் சோறு போட்டவர். பேர் எதற்கு வந்தது என்று பாருங்கள். நீதிமன்றத்தில் கை சுத்தம், பஞ்சத்தில் கை தாராளம். கோபாலகிருஷ்ண பாரதியார் சைவர், நந்தனார் கதையைப் பாடியவர். அவரே இவரை வியந்து பாட்டு எழுதினார். திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் இவருக்கு நெருங்கிய நண்பர்கள். தன் விசுவாசத்தை இவர் ஒளித்ததும் இல்லை, அதைச் சொல்லி யாரையும் தள்ளி வைத்ததும் இல்லை.

நாஞ்சில்_பலகாரக்கடை

டீச்சரம்மா சொன்னது சரி. நான் கடைக்காரன், என் பக்கத்து விஷயத்தைச் சொல்கிறேன்.

ஸ்வீட் கடையில் கால் கிலோ லட்டு கேட்டால் அட்டைப் பெட்டியோடு சேர்த்து எடை போடுவது பல இடங்களில் நடக்கிறது. பெட்டி கனமான அட்டையாக இருந்தால் ஒரு லட்டு அளவுக்கே காசு போய்விடும். கேட்டால் "எல்லாக் கடையிலும் இப்படித்தான்" என்பார்கள். எங்கள் கடையில் பெட்டியை முதலில் தராசில் வைத்து, டேர் பட்டனை அழுத்தி, பூஜ்யம் வந்ததை வாடிக்கையாளர் பார்த்த பிறகுதான் லட்டை எடுத்து வைக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பையனுக்கு முதல் நாள் பாடமே இதுதான். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்", நீதிமொழிகள் 11:1. இதைக் கடைச் சுவரில் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்துவிட்டு ஒருநாள் ஒரு பையன் அவசரத்தில் பெட்டியோடு போட்டுவிட்டால் வேத வசனத்துக்குத்தான் கெட்ட பெயர்.

ஆனால் ஒன்று. பேசாமலே இருந்துவிடுவது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தீபாவளி சீசனில் ஒரு பெரியவர் "ஏம்பா இவ்வளவு கறாரா பூஜ்யம் பாக்குற?" என்று நேராகவே கேட்டார். நான் நம்புகிற ஆண்டவருக்குத் தராசு விஷயம் பெரிய விஷயம் ஐயா என்றேன். அவ்வளவுதான். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் மழுப்பினால் அதுவும் ஒரு பொய்தானே.

அறுவடை_ஊழியன்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மேலே உள்ளவை எல்லாம் நல்ல காரியங்கள், மறுக்கவில்லை. ஆனால் நேர்மையான கடைக்காரர் எல்லா மதத்திலும் இருக்கிறார். கடவுள் நம்பிக்கை இல்லாதவரிலும் இருக்கிறார். நற்கிரியை மட்டும் போதுமென்றால் சுவிசேஷம் எதற்கு? "பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்?" என்று ரோமர் 10:14 கேட்கிறது. இன்றைய வாலிபர்கள் "என் வாழ்க்கையே சாட்சி" என்று சொல்லி வாயை மூடிக்கொள்வது பெரும்பாலும் கூச்சத்தினால்தான். அதற்கு ஒரு நல்ல பெயர் வைத்திருக்கிறோம். அம்பத்தூர் சகோதரர் இதையும் யோசிக்க வேண்டும்.

வேலூர்_நர்ஸ்

அறுவடை ஐயா, உங்கள் பாரம் புரிகிறது. ஆஸ்பத்திரி அனுபவத்திலிருந்து வேறு ஒரு கோணம் சொல்கிறேன்.

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியைத் தொடங்கிய மிஷனரி ஐடா ஸ்கடர் கதை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள், ஆண் மருத்துவர் வேண்டாம் என்றார்கள், மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதனால் அவர் டாக்டரானார். ஞாயிறு பள்ளியில் இத்தோடு கதையை முடித்துவிடுகிறோம். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். 1900-இல் வேலூருக்கு வந்து சின்ன அளவில் வைத்தியத்தை ஆரம்பித்தார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். வாராவாரம் குடியாத்தம் சாலையில் வண்டியை நிறுத்தி மரத்தடியில் நோயாளிகளைப் பார்த்தார். 1960-இல் இறந்தார். ஒரு ராத்திரியில் வந்த அழைப்புக்கு வாழ்நாளெல்லாம் வேலை செய்து பதில் சொன்னார். "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்ய" என்பது இன்றைக்கும் அந்த ஆஸ்பத்திரியின் குறிக்கோள் வாசகம்.

இன்னொருவர் டாக்டர் பால் பிராண்ட், கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர். 1946-இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை, தசைநாரை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தினார். சதை தானாக அழுகுவதில்லை, உணர்ச்சி போய்விடுவதால் சூடும் காயமும் தெரியாமல்தான் விரல்கள் கெடுகின்றன என்று நிறுவியவர்களில் அவர் முக்கியமானவர். ஆபரேஷன் முடிந்து போன நோயாளிகள் சிலர் திரும்பி வந்து, கை நேராகிவிட்டதால் பிச்சை விழவில்லை, வேலை கொடுக்கவும் ஆளில்லை என்று சொன்னார்கள். அவர் அதை நன்றிகெட்ட பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் சொன்னது நியாயம் என்று பார்த்து, தொழில் கற்றுக்கொள்ள ஒரு இடம் ஏற்பாடு செய்தார்கள். தச்சு வேலை, பொம்மை செய்வது என்று உணர்ச்சியற்ற கைக்குக் காயம் வராமல் எப்படி வேலை செய்வது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். நல்லது செய்வதில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான். நாம் செய்த உதவி போதவில்லை என்று வாங்கினவரே சொல்லும்போது உட்கார்ந்து கேட்பது.

வார்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது: ஜெபிக்கட்டுமா என்று முதலில் கேள். வேண்டாம் என்றால் சிரித்த முகமாகத் தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போ. அடுத்த முறை போகும்போது கவனிப்பில் துளி வித்தியாசம் தெரியக் கூடாது.

மயிலாடுதுறை_சிவநேசன்

நான் சைவன். வேதநாயகம் பிள்ளை பெயரைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். எங்கள் ஊரில் இன்றும் மரியாதையாகச் சொல்லும் பெயர்.

வெளியிலிருந்து பார்க்கிறவனாக இரண்டு விஷயம். என் தாயார் கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்தபோது பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவ அக்கா தினமும் மதியம் வந்து உட்கார்ந்திருப்பார். என் மனைவி ஒரு மணி நேரம் கண் மூடுவதற்காகத்தான் வருவார். அம்மாவுக்கு விபூதி பூசிவிடுவதும் அவர்தான், ஏனென்றால் அம்மா கேட்பார்கள். அவர் நம்பிக்கையைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிற்பாடு நானாகவே கேட்டேன், அவரும் நிறையச் சொன்னார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன்.

அதே சமயம், உறவினர் ஒருவர் ஐசியூவில் கிடந்தபோது முன்பின் தெரியாத ஒருவர் வந்து, கேட்காமல் கொள்ளாமல் தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபித்தார். நல்ல எண்ணமாகவே இருக்கலாம். எங்கள் வீட்டார் இன்றுவரை அதை மறக்கவில்லை. நர்ஸ் அம்மா சொன்ன "முதலில் கேள்" என்பதை எல்லாரும் கடைப்பிடித்தால் பாதி மனக்கசப்பு வராது.

"என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று அப்பர் பாடினார். மேலே படிக்கும்போது அதுதான் ஞாபகம் வந்தது.

அறுவடை_ஊழியன்

சிவநேசன் ஐயா, அந்த ஐசியூ சம்பவம் வருத்தமானது. பேதுரு "சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல" ஆயத்தமாயிருங்கள் என்றார், அதுவும் "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்". கேட்கிறவர் இருக்க வேண்டும் என்பது அந்த வசனத்திலேயே இருக்கிறது. சொல்ல வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை. உங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் சொன்னார்தானே, நீங்கள் கேட்ட பிறகு. நான் இளைஞர்களிடம் எதிர்பார்ப்பது அந்த ஆயத்தத்தைத்தான்.

மதுரை_மாணவி

எல்லோரும் ஆபீஸ், கடை, ஆஸ்பத்திரி பற்றிப் பேசுகிறீர்கள். நான் சபைக்குள்ளேயே இருக்கும் ஒன்றைக் கேட்கிறேன். கோபப்பட வேண்டாம்.

கிறிஸ்தவ மணமகன் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். "விசுவாசமுள்ள, ஜெப வாழ்க்கையுள்ள" என்று ஆரம்பித்து அடுத்த வார்த்தையே சாதிப் பெயர். எங்கள் சொந்த ஊரில் கல்லறைத் தோட்டம் இன்னும் இரண்டு பக்கமாக இருக்கிறது. எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பக்கம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கல்லூரித் தோழி ஒருத்தி, கிறிஸ்தவள் அல்ல, "உங்க கோயில்லயும் இதேதானா?" என்று கேட்டாள். அவளிடம் மத்தேயு 5:16-இன் அந்த வெளிச்ச வசனத்தை எப்படிச் சொல்வது?

1833-லேயே கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்து வைத்த தடுப்புச் சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. ஆக, இது தப்பு என்று நமக்குத் தெரியாமல் இல்லை. பக்கத்து வீட்டாருக்கு நல்ல முன்மாதிரியாக இருப்பது எப்படி என்று பேசுவதற்கு முன்னால், நம் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

பாளை_டீச்சரம்மா

கோபம் எதற்கு வரப் போகிறது மகளே. நீ கேட்டது இங்கே வர வேண்டிய கேள்விதான்.

வடக்கன்குளத்தில் சுவர் இடிந்த அதே 1910-இல்தான் நம் திருநெல்வேலிச் சீமையின் வேதநாயகம் சாமுவேல் அசரியா எடின்பரோ மாநாட்டில் பேசினார். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர், பின்னாளில் தோர்ணக்கல் பேராயர். உலகத்து மிஷனரிகள் கூடியிருந்த சபையில், ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். ஊழியம் செய்ய வந்தவர்கள் கூட உள்ளூர்க்காரரோடு சமமாக உட்கார மாட்டார்கள் என்கிற குறைதான் அது. பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னார்.

வெள்ளைக்காரரிடம் அவர் கேட்டதை இன்றைக்கு நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. உதவி செய்வது எளிது. அறுப்பின் பண்டிகையில் ஏலம் எடுத்து அதை இல்லாதவர்களுக்கு அனுப்பிவிடலாம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கும் வழக்கம் எங்கள் பக்கத்துத் தாய்மார்களுக்கு உண்டு, நானும் இன்றுவரை வைக்கிறேன். அந்த அரிசி யார் வீட்டுக்குப் போகிறதோ, அந்த வீட்டில் போய் நான் சாப்பிடுவேனா, அந்த வீட்டுப் பெண்ணை என் பேரனுக்கு எடுப்பேனா? அங்கேதான் என் விசுவாசம் அளக்கப்படுகிறது. என் இரண்டாவது மகனுக்குச் சாதி பார்க்காமல்தான் செய்தோம். சொந்தக்காரர்களில் சிலர் கல்யாணத்துக்கு வரவில்லை. வராதவர்கள் எல்லாரும் ஒவ்வொரு ஞாயிறும் திருவிருந்துக்கு ஒரே கிண்ணத்தில் பங்கு பெறுகிறவர்கள்.

முத்துநகர்_வாசி

தூத்துக்குடியிலிருந்து ஒரு வார்த்தை, நாங்கள் கத்தோலிக்கர். "நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்" என்று மறையுரையில் கேட்டுவிட்டு வெளியே வந்தால் எங்களுக்கு நிஜமான உப்பளம் இருக்கிறது. வெயிலில் கண் கூசக் கூச, உப்புத் தண்ணீரில் கால் வெடிக்க வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் வேலையே இருக்காது. அட்வான்ஸ் வாங்கித்தான் அடுப்பு எரியும், அப்புறம் சீசன் முழுக்க அதைக் கழித்துக்கொண்டே இருப்பார்கள். உப்பள முதலாளிகளில் நம்மவரும் உண்டு. குடிதண்ணீர், ஒதுங்க நிழல், கழிப்பறை, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. இந்த நாலையும் ஒரு கிறிஸ்தவ முதலாளி கேட்காமலே செய்து கொடுத்தால், அன்றைக்கு அந்த மறையுரை உப்பளத்துக்குள் போய்ச் சேர்ந்ததாக நான் நினைப்பேன்.

அம்பத்தூர்_கணக்கர்

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். நாஞ்சில் அண்ணாச்சியின் தராசு பத்தியைப் படித்த அன்றே சப்ளையர் பட்டியலைத் திறந்துவிட்டேன்.

விவரம் தெரியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். 2006-ஆம் வருட சிறு, குறு நிறுவனங்கள் சட்டப்படி, எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. பட்டறைக்காரர் யாரும் இந்த வட்டியைக் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்று பயம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரியில் 43பி(எச்) என்று ஒரு விதியும் வந்தது. கெடு தாண்டி வருஷக் கடைசியில் பாக்கி நின்றால், அந்தச் செலவை அந்த வருஷம் கழிக்க முடியாது.

எங்கள் பட்டியலில் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ளவர்களைத் தனியாகப் பிரித்து, நாள் கணக்குப் போட்டு, வட்டி எவ்வளவு, வரியில் எவ்வளவு இடிக்கும் என்று ஒரே பக்கத்தில் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். லேவியராகமத்தைக் காட்டவில்லை, சட்டத்தைத்தான் காட்டினேன். "கூலிக்காரனுடைய வேலையின்கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்ற அதன் வசனம் என்னை எழுத வைத்தது, மேலாளருக்கு அந்தத் தாளே போதுமானதாக இருந்தது. சின்னத் தொகை பில்களுக்கு முதலில் பணம் கொடுக்கச் சொல்லிவிட்டார். பெரிய தொகைகளுக்கு இன்னும் சம்மதிக்கவில்லை, அடுத்த மாதக் கூட்டத்தில் மறுபடி எடுப்பேன்.

இது வேலையில் என் கடமைதானே, இதை விசுவாசம் என்று சொல்லலாமா என்று ஒரு தயக்கம் இன்னும் இருக்கிறது.

நாஞ்சில்_பலகாரக்கடை

கடமைதான் தம்பி. இதுவரை அதை யாரும் செய்யவில்லை அல்லவா? மேலாளர் "திடீரென்று இதில் ஏன் இவ்வளவு அக்கறை?" என்று என்றைக்காவது கேட்பார். அன்றைக்கு லேவியராகமம் சொல்லுங்கள். இன்னொன்று, ஆபீஸில் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கும் செக்யூரிட்டிக்கும் ஏஜென்சி மூலமாகத்தான் சம்பளம் போகும். பிஎப், இஎஸ்ஐ ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று செலான் நகலைக் கேட்டு வாங்குங்கள். கணக்குப் பிரிவு கேட்டால் ஏஜென்சி கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

மதுரை_மாணவி

டீச்சரம்மா, உங்கள் பதிலை எங்கள் வாலிபர் குழுவில் படித்துக் காட்டினேன். கல்லறைத் தோட்டத்தை ஒன்றாக்கக் கேட்டு சேகரக் கமிட்டிக்கு (எங்கள் சபையை நிர்வகிக்கும் குழு) மனு எழுதலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போடத் தயாராக இல்லை. போடுகிறவர்கள் பெயரோடு மட்டும் கொடுக்கப் போகிறோம். இப்படி மனு எழுதிப் பழக்கம் இல்லை. வரைவை உங்களுக்கு அனுப்பினால் பார்த்துத் தருவீர்களா?

பாளை_டீச்சரம்மா

அனுப்பு மகளே. குருவானவருக்கு ஒரு நகல், அத்தியட்சாதீன அலுவலகத்துக்கு, அதாவது பேராயர் அலுவலகத்துக்கு, ஒரு நகல் வைத்துக்கொள். யாரையும் பழித்து ஒரு வரி கூட வேண்டாம், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று மட்டும் கண்டிப்பாக எழுது.